தேனீ எங்கே தவறியது?

சென்ற ஆண்டு கோடையில், இங்கிலாந்தில் மகள் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். ஆறு வயதுப் பேத்தி படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில், பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வகுப்பில் அமர்ந்து பாடம் நடப்பதைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் காலை அழைத்திருந்தார்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். வகுப்பறைத் தரையில் கட்டம் போட்ட விரிப்பு ஒன்று கிடந்தது. அதன்மேல், கைக்கு அடங்கும் அளவில், மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ வடிவில் ஒரு பொம்மை இருந்தது. 'பீ-பாட்' என்று அதற்குப் பெயர்.

திரையோ விசைப்பலகையோ அதற்கு இல்லை. முதுகில் சில பொத்தான்கள் மட்டும்: முன், பின், இடம், வலம், நடுவில் பச்சை நிறத்தில் 'செல்', பழைய கட்டளைகளை அழிக்க ஒன்று, சற்று நிற்பதற்கு ஒன்று. முன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், விரிப்பில் ஒரு கட்டத்தின் அளவும் அதுதான். இடம், வலம் பொத்தான்கள் தேனீயை நின்ற இடத்திலேயே கால் வட்டம் திருப்பும். அழுத்தியவுடன் அது நகர்ந்துவிடுவதில்லை. சொல்வதை எல்லாம் வரிசையாக நினைவில் வாங்கிக்கொண்டு, பச்சைப் பொத்தானைத் தொட்ட பிறகே புறப்படும். அதற்குள் குழந்தை முழு வழியையும் மனத்தில் நடந்து முடித்திருக்க வேண்டும்.

விரிப்பில் ஒரு சிற்றூரின் படம். மூன்று குழந்தைகளுக்கு ஒரு தேனீ. அதை அஞ்சலகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்: இரண்டு கட்டம் முன்னே, பிறகு வலப்பக்கம் ஒரு கட்டம். பேத்தி முன், முன், வலம் என்று அழுத்திப் பச்சையைத் தொட்டாள். தேனீ இரண்டு கட்டம் சென்று, வலப்பக்கம் திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது. அவள் முகம் சுருங்கியது. பக்கத்திலிருந்த சிறுவன் தேனீயைக் கையால் தூக்கி அஞ்சலகத்தின்மேல் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல் கைதட்டினான்.

ஆசிரியை இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. 'நீ நினைத்ததும் அது செய்ததும் முதன்முதலில் எந்த இடத்தில் வேறுபட்டன?' என்று மட்டும் கேட்டார். பேத்திக்குப் பதில் தெரியவில்லை. அவளைத் தரைக் கற்களின் மேல் நிறுத்தி, அழுத்திய அதே பொத்தான்களை வரிசையாகச் சொல்லி நடக்கச் சொன்னார். இரண்டு அடி நடந்தாள், வலப்பக்கம் திரும்பினாள், நின்றாள். திரும்புவது வேறு, நகர்வது வேறு என்பது அவளது கால்களுக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிவந்து முன் பொத்தானை ஒருமுறை கூடுதலாக அழுத்தினாள். தேனீ பழைய மூன்று கட்டளைகளையும் மறுபடி செய்து, புதியதையும் சேர்த்துச் செய்து, விரிப்பைவிட்டு வெளியேறி நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது. நினைவை அழிக்க மறந்துவிட்டாள். ஆசிரியை அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

தேனீ அஞ்சலகத்தை அடைய 25 நிமிடங்கள் ஆயின. நம் ஊர்ப் பள்ளிகளைப் பார்வையிட வரும் அலுவலர் யாரேனும் அங்கிருந்தால், 25 நிமிடத்தில் நான்கு பொத்தான்தானா என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பார்.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் இது 2014 செப்டம்பர் முதல் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முன்பிருந்த தகவல் தொழில்நுட்பப் பாடம், மென்பொருளைப் பயன்படுத்தும் பழக்கத்தையே பெரிதும் கற்பிக்கிறது என்ற குறை இருந்தது. அதை எடுத்துவிட்டுக் 'கணிமை' என்ற பாடத்தை வைத்தார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் ஒரு குழந்தை படிமுறை என்பது என்னவென்று அறிய வேண்டும். எளிய நிரலை அமைக்கவும் அதன் பிழையைக் கண்டு திருத்தவும் பழக வேண்டும் என்கிறது அப்பாடத்திட்டம். ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான, ஐயத்துக்கு இடமில்லாத படிகளின் வரிசையே படிமுறை. கணினித் துறையினர் அல்காரிதம் என்பது இதைத்தான். பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, படிகளை வரிசைப்படுத்துவது, ஒரே மாதிரி மீண்டும் வருவதை அடையாளம் காண்பது, பிழையைத் தேடித் திருத்துவது ஆகியவற்றைச் சேர்த்துக் 'கணிமைச் சிந்தனை' என்று அழைக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி அறிஞர் ஜெனட் விங் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை ஒன்று, எழுத்தையும் எண்ணையும் போல இதுவும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது என்று வாதிட்டது. அதன் பிறகே அச்சொல் உலகெங்கும் கல்வி அமைச்சகங்களின் அறிக்கைகளில் நுழைந்தது.

ஆனால், கருத்து அதைவிடப் பழையது. தென்னாப்பிரிக்காவில் 1928-இல் பிறந்த கணிதவியலர் சீமோர் பேப்பர்ட், ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் 1958 முதல் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றார். 1967-இல் வாலி ஃபியூர்செக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார். கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளில் அம்மொழியின் கட்டளைக்கு ஏற்பத் தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே செல்லும் கவிழ்ந்த கிண்ணம் போன்ற ஓர் எந்திரம் வந்தது. அதை 'ஆமை' என்றார்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் அறிஞர் கிரே வால்டர் செய்துகாட்டிய, வெளிச்சத்தை நாடி நகரும் எந்திர ஆமைகளிடமிருந்து வந்த பெயர் அது. பேத்தியின் தேனீ, அந்த ஆமையின் நேரடி வாரிசு.

இடையில் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன், எழுதப் படிக்கத் தெரியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் ஆமையை இயக்கும்படி பொத்தான் பெட்டியையும், அட்டைகளை வரிசையாகச் செருகிக் கட்டளை அமைக்கும் கருவியையும் செய்தார். பின்னாளில் கணினி வலைப்பின்னல்களில் தகவல் சுற்றிச் சுற்றி வந்து சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் படிமுறையை 1985-இல் வகுத்துப் புகழ்பெற்றவர் அவரே. இன்று மரக்கட்டைகளைக் கோத்து இயக்கும் 'கிபோ' முதல் நம்மூர்க் கடைகளில் விற்கும் பொம்மைகள் வரை அவரது அந்த அட்டைப் பெட்டிக்குக் கடன்பட்டவை.

பேப்பர்ட் 1980-இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலை எழுதினார். கணினியைப் பற்றிய நூல் என்று பெயர் பெற்றாலும், அதில் என்னைப் பிடித்துக்கொண்டது பிழையைப் பற்றி அவர் சொல்வதுதான். பள்ளியில் பிழை என்பது ஒரு தீர்ப்பு. எழுதியவன் தலைகுனிய வேண்டும், அழித்துவிட்டு மறக்க வேண்டும். நிரல் எழுதுகிறவருக்கோ பிழை என்பது தினசரி வேலை. முதல் முயற்சியிலேயே சரியாக இயங்கும் நிரலை எவரும் எதிர்பார்ப்பதில்லை. எது எங்கே பிசகியது என்று தேடிப் பழுது பார்ப்பதே தொழில். இந்த மனப்பான்மை ஒரு குழந்தைக்கு ஏழு வயதில் வாய்த்தால் கணக்கும் மொழியும் வேறு வகையாகக் கற்கப்படும் என்று அவர் நம்பினார்.

இதைப் படித்தபோது என் சொந்தக் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியலும் கற்பித்தேன். ஒருமுறை உள்தேர்வில் ஒரு மாணவர் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டு 1.7 என்று விடை எழுதியிருந்தார். ஒட்டுறவுக் கெழு ஒன்றைத் தாண்டவே முடியாது. பக்கம் முழுவதும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுச் சுழியம் வழங்கினேன். அதோடு நில்லாமல், விடையை வகுப்பில் உரக்கப் படித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். அந்தத் தாளில் மொத்தம் ஒன்பது படிகள், எட்டு சரி. ஓரிடத்தில் வர்க்கமூலம் எடுக்க விட்டிருந்தார். 'இது ஒன்றைத் தாண்டாதே, அப்படியானால் எந்தப் படியில் தவறியிருக்கும்? பின்னோக்கிப் போய்ப் பார்' என்று நான் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவரே கண்டுபிடித்திருப்பார். அதன் பிறகு அவர் என் வகுப்பில் வாய் திறந்ததாக நினைவில்லை. தேர்வில் தவறாக எழுதுவதைவிட இடத்தை வெறுமையாக விடுவதே மேல் என்று கருதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்து அலுத்துக்கொண்டவன் நான். அவர்களை உருவாக்கியதில் என் பங்கும் உண்டு என்பதை ஓர் ஆறு வயதுப் பெண்ணின் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒப்புக்கொண்டேன்.

இனி, பொருளியல் படித்தவன் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். தேனீயைச் சரியாக ஓட்டக் கற்ற குழந்தை, தேனீயை ஓட்டக் கற்றதா, சிந்திக்கக் கற்றதா? முதலாவது மட்டும்தான் என்றால் அதற்குச் செலவழிக்க அரசிடம் பணம் இல்லை.

பேப்பர்ட்டின் நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே இக்கேள்வி சோதனைக்கு உள்ளானது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் ஓராண்டு லோகோ பயின்ற குழந்தைகளையும் பயிலாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். கரும்பலகை துடைப்பது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற வகுப்பறை வேலைகளைக் குறைந்த நடையில் முடிக்கத் திட்டமிடுமாறு இரு குழுவினரிடமும் கூறினார்கள். நிரல் எழுதியவர்கள் சிறப்பாகத் திட்டமிடவில்லை, வேறுபாடே தென்படவில்லை. பேப்பர்ட்டுக்கு இது உவப்பாக இல்லை. கருவியைத் தனியே பிரித்து 'இது என்ன செய்யும்' என்று கேட்பதே தவறு, அது வாழும் பண்பாட்டைப் பாருங்கள் என்று பதில் எழுதினார். பதிலில் நியாயம் உண்டு. ஆனால், கருவியைக் கொடுத்தால் குழந்தை தானே கண்டடையும் என்ற பெருநம்பிக்கையை ஊட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறுக்க முடியாது.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஆய்வு 1988-இல் வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளார், ஷேரன் கார்வர் இருவரும், குழந்தைகள் லோகோவில் விளையாடட்டும் என்று விட்டுவிடவில்லை. பிழை தேடுவதையே ஒரு பாடமாக, படிப்படியாகக் கற்பித்தார்கள். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று முதலில் ஒப்பிடு, எந்த வகைப் பிழை இந்த வேறுபாட்டை உண்டாக்கும் என்று ஊகி, அது நிரலில் எங்கே இருக்கும் என்று இடத்தைக் குறுக்கு, திருத்து, மறுபடி ஓட்டிப் பார். பின்னர் கணினிக்குத் தொடர்பே இல்லாத ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அறையில் மேசை நாற்காலிகளை அடுக்குவதற்கோ ஓரிடத்துக்கு வழி காட்டுவதற்கோ எழுதிய குறிப்புகளில் ஒரு தவறு இருக்கும். கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பயின்ற குழந்தைகள் குறிப்பை முதல் வரியிலிருந்து துழாவாமல், பிழை இருக்கக்கூடிய இடத்தை நேராகத் தேடிப் போனார்கள், திருத்துவதிலும் முன்னேறியிருந்தார்கள். பேங்க் ஸ்ட்ரீட் குழந்தைகளிடம் இருந்ததும் அதே மொழிதான். வேறுபாடு, ஒருவர் அருகில் அமர்ந்து பிழை தேடும் முறையைச் சொல்லிக்கொடுத்ததில் இருந்தது.

ஓரிடத்தில் கற்றது தானாக வேறிடம் தாவாது என்பதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று உண்டு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து 2025-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எண்ணூறு கிராம் இந்த விலை, ஒன்றரைக் கிலோ அந்த விலை, கொடுத்த நோட்டுக்கு மீதி என்ன என்பதைத் தாளும் பேனாவும் இல்லாமல் சொல்லும் அச்சிறுவர்களில் பலருக்கு, பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் அதைவிட எளிய கணக்கு வரவில்லை. பள்ளிக் கணக்கில் தேறிய குழந்தைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு திறன்களும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இரண்டையும் இணைத்துக் காட்ட ஆசிரியர் வேண்டும். தேனீ விரிப்புக்கும் கணக்கு நோட்டுக்கும் இடையிலும் இப்படியொரு தெரு இருக்கிறது.

கருவியை மட்டும் நம்பிய நாடு ஒன்றின் கதையையும் சொல்ல வேண்டும். 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற இயக்கம் 2005-இல் தொடங்கியது; பேப்பர்ட்டும் அதில் பங்கேற்றவர். பெரு நாடு அதைப் பெருமளவில் ஏற்று லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வாங்கியது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த மதிப்பீட்டின் முடிவு 2012-இல் வெளியானது. கணக்கிலோ மொழியிலோ தேர்ச்சி உயரவில்லை. பொதுவான அறிதிறன் சோதனைகளில் சிறிது ஏற்றம் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால், ஏழை நாடு ஒன்று அவ்வளவு பணத்துக்கு வாங்கக்கூடிய வேறு பலவற்றோடு ஒப்பிட்டால் அது எளிய ஏற்றமே.

ஊர் திரும்பும்போது மகள் ஒரு தேனீயை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஓர் ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியை எனக்குத் தெரிந்தவர். அவரது இசைவோடு மூன்றாம் வகுப்பில் சில வியாழக்கிழமைகள் செலவிட்டேன்.

முதல் வாரம் தேனீயைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். திண்ணையில் சுண்ணக்கட்டியால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, ஒரு சிறுவனை 'ரோபோ' ஆக்கினோம். மற்றவர்கள் பலகையில் அம்புக்குறி வரைந்து கட்டளை கொடுக்க வேண்டும். பாண்டி விளையாடிய கால்கள். கட்டம் அவர்களுக்குப் புதிதல்ல. பத்தே நிமிடத்தில் சூடுபிடித்தது. எந்திரமே வேண்டாம், சுண்ணக்கட்டி போதும் என்று கட்டுரையை அங்கேயே மனத்தில் எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கட்டளையில் தவறு இருந்தாலும் ரோபோ சரியான கட்டத்துக்கே போய்ச் சேர்ந்தான்! 'பலகையில் முன்னே இரண்டுதானே இருக்கிறது, நீ ஏன் மூன்று வைத்தாய்?' என்று கேட்டேன். 'அவன் அங்கதான் சார் போகச் சொல்ல வந்தான்' என்றான். மனிதர்கள் அப்படித்தான். சொல்லியதைக் கேட்பதில்லை, சொல்ல வந்ததைக் கேட்கிறோம். அதனால்தான் உறவுகள் நிலைக்கின்றன. ஆனால், அந்த இரக்கம் பிழையை மூடிவிடுகிறது.

தேனீக்கு அந்த இரக்கம் இல்லை. அடுத்த வாரம் அதை வெளியே எடுத்தபோது, அதே கட்டளை வரிசை அதை நேரே திண்ணையின் ஓரத்துக்குக் கொண்டுபோனது, விழுமுன் பிடித்தோம். இங்கிலாந்தில் பார்த்த அதே தவறுகள், அதே வரிசையில் வந்தன. திரும்புவதை நகர்வதாக நினைப்பது முதல் தவறு. தேனீ நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் வலம் நமக்கு இடம் என்பதை மறப்பது அடுத்தது. நினைவை அழிக்காததை மட்டும் அங்கு ஆசிரியை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. இங்கே ஒரு சிறுமி தானே கண்டுபிடித்தாள். 'சார், இது முன்னாடி சொன்னதையும் சேத்துச் செய்யுது' என்றாள். அவள் அம்மா வாசலில் போடும் நெளிக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளையும் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்களோ என்னவோ. கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் முன்பே கவனித்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இதை வைத்து எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மேடையில் பேசத் தேவையில்லை. ஆனால், படிமுறையை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேடும் பாடநூல் எழுத்தாளர்கள் ஒருமுறை வாசலைப் பார்க்கலாம்.

ஆகவே, எந்திரம் தேவைதான் என்று என் கருத்தை மாற்றிக்கொண்டேன். எத்தனை என்பதே கேள்வி. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை ஆண்டுதோறும் ஆப்பிள் பழத்தை வைத்து விளக்கியவன் நான். தேனீயை வைத்து விளக்கியிருக்கலாம். வகுப்புக்கு வரும் முதல் தேனீ, சுண்ணக்கட்டியால் முடியாத ஒன்றைச் செய்கிறது. ஆறேழு தேனீக்கள் இருந்தால் மூவருக்கு ஒன்று கிடைக்கும். மூவரும் 'நீ சொன்னது தப்பு, நான் சொன்னது சரி' என்று வாதிடும்போதே படிமுறை வாய்ச்சொல்லாகிறது. தலைக்கு ஒன்று கொடுத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டும், மறு கண்ணால் கைப்பேசியில் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டும் இருந்தார். அவருக்கு இன்னோர் அறையில் இரண்டு வகுப்புகள் காத்திருந்தன. 'பொம்மை நல்லாத்தான் இருக்கு சார். நீங்க கேக்கற மாதிரி ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் உக்காந்து எங்க தப்பாச்சுன்னு கேக்க எனக்கு யார் சார் நேரம் தருவாங்க?' என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது என்னையும் அல்ல.

2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவும் கணிமைச் சிந்தனையும் கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்களுக்கு 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. நிறுவ 10 லட்சம், ஐந்தாண்டு நடத்த 10 லட்சம். ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை கூறியது. அதே அளவு மானியம் என்று கொண்டால் 10,000 கோடி ரூபாய். நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால், கீழ் வகுப்புகளுக்கும் இதே வார்ப்பில் கூடமும் கருவிப் பெட்டியும் வாங்கி, பூட்டிவைத்து, ஆய்வு நாளில் திறந்து காட்டும் வழக்கம் வந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். ஒப்பந்தப்புள்ளி கோரிக் கருவி வாங்குவது எந்த அரசுக்கும் எளிது. ஆசிரியரின் நேரத்தை விடுவிப்பது கடினம். மூன்றாம் வகுப்புக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் பெரும்பகுதி, பிழையை எப்படிக் கேள்வியாக்குவது என்று ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கவும், அவர் தோளிலிருந்து பதிவேட்டு வேலையை இறக்கவும் செல்ல வேண்டும். கருவிகளைப் பத்துப் பள்ளிகள் சுற்றுமுறையில் பகிர்ந்துகொள்ளலாம்.

கழிக்கத் தெரியாத குழந்தைக்கு ரோபோ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 2024-ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கைச் செய்ய முடிந்தவர்கள் 33.7 விழுக்காடு. ஆனால், கழித்தலிலும் இதே விஷயம்தான் இருக்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல், கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல என்று காட்டினார்கள். குழந்தை ஒரு படிமுறையைத் தவறாமல் பின்பற்றுகிறது. அந்தப் படிமுறையில் ஒரு படி பழுதாகியிருக்கிறது. விடைத்தாளில் பெருக்கல் குறி போடுவதால் அந்தப் படி தெரியவராது.

கடைசி வியாழக்கிழமை, தேனீயின் நினைவுச் சிக்கலைக் கண்டுபிடித்த சிறுமி கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள். ஐந்தில் இரண்டு போக மூன்று. இரண்டில் ஏழு போகாதே என்று, ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. தவறு என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, '35-உடன் 27-ஐக் கூட்டிப் பார், 52 வருகிறதா?' என்றேன். கூட்டினாள், 62 வந்தது. விரலை முதல் வரியில் வைத்து, தேனீ நடந்த கட்டங்களைத் தொடுவதுபோல் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றாம் இடத்தில் விரல் நின்றது. 'இங்கதான் சார், தலைகீழா எடுத்துட்டேன்' என்றாள்.

தேனீயால்தான் அது நேர்ந்தது என்று ஒரே ஒரு குழந்தையை வைத்துச் சொல்லப் புள்ளியியல் கற்பித்தவனுக்கு உரிமை இல்லை. தேனீ இப்போது அந்தப் பள்ளி அலமாரியில் இருக்கிறது. சாவியை நான் கேட்காமலே ஆசிரியை பூட்டிலேயே விட்டுவைத்திருக்கிறார்.